அண்ணன் துப்பாக்கியில் தம்பியின் பூட்டு

பால்ட்ஸ் ரைனர் சும்மா உட்காரத் தெரியாத ஆள். முப்பத்தோரு வருடம் மலைச்சாலையில் பேருந்து ஓட்டியவருக்கு நாற்காலி என்றால் முன்னால் ஒரு ஸ்டியரிங் இருக்க வேண்டும். மார்ச் மாதம் ஒரு காலையில், நல்லவேளையாக வண்டி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது, அந்த ஸ்டியரிங் மேலேயே மயங்கிச் சாய்ந்தார். ஹாரன் அலறியதில் பக்கத்துத் தொழுவத்து மாடுகள் மிரண்டு கட்டை அறுத்துக்கொண்டன என்று ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், மூன்று மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம்! முதல் வாரத்திலேயே வீட்டிலிருந்த எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டாயிற்று. இரண்டாவது வாரம் விறகை நீளம் பார்த்து அடுக்கினார். மூன்றாவது வாரம் அதையே பிரித்துத் தடிமன் பார்த்து அடுக்கினார். நான்காவது வாரம் மனைவி எல்ஸ்பெத்தின் மசாலா டப்பாக்களை அகர வரிசையில் நிறுத்தி வைத்தபோது அவள் பொறுமை தீர்ந்துபோயிற்று.

"பால்ட்ஸ், நீ வெளிய போறியா, இல்ல நான் போகட்டுமா? உங்கப்பா வீட்டக் காலி பண்ணணும், காலி பண்ணணும்னு ஜனவரியிலருந்து பாட்டுப் பாடுறியே. போய் அதப் பண்ணு. என் மிளகுத்தூள விட்டுடு."

பால்ட்ஸின் அப்பா யோஸ்ட் ரைனர் அந்த ஜனவரியில்தான் எண்பத்தொன்பதாவது வயதில் போய்ச் சேர்ந்திருந்தார். எதையும் தூக்கி எறியாத மனிதர்; எதையும் பேணவும் மாட்டார். இந்த இரண்டு குணமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் பரண் என்ன கதிக்கு ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடைந்த சறுக்கு வண்டிக்கும் மாட்டு மணிகளுக்கும் பின்னால், ராணுவக் கூடாரத் துணியில் சுற்றிய நீளமான ஒன்று பால்ட்ஸின் கையில் தட்டுப்பட்டது. பிரித்தார். அப்பாவின் படைத் துப்பாக்கி.

அந்தப் பள்ளத்தாக்கில் அது ஒன்றும் அதிசயமில்லை. படைச் சேவைக்குப் போகிறவன் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவருவான். சேவை முடிந்தால் அது அவனுக்கே சொந்தம். குடை இருக்கும் மூலையில் அதுவும் இருக்கும். ஆனால் இது இருந்த கோலம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. கூரை ஓட்டை வழியாக எத்தனை வருடத்து மழை ஒழுகியதோ, குழல் முழுக்கத் துரு. மரக்கட்டை ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி நிறம் செத்துக் கிடந்தது. நன்றாக வைத்திருந்தால் நூறு வருடம் சுடக்கூடிய பொருள் அது. அதை இப்படிப் போட்டு வைத்த அப்பாவின் மேல் பால்ட்ஸுக்குக் கோபம் வந்தது. செத்தவர் மேல் கோபப்படுகிறோமே என்று தன் மேலும் வந்தது.

"இது மியூசியத்துக்கா, குப்பைக்கா?" என்று கேட்டாள் எல்ஸ்பெத்.

"சமையலறை மேசைக்கு" என்றார் பால்ட்ஸ்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாடு மடியில் தட்டை வைத்துத்தான். மேசை முழுக்கப் பழைய செய்தித்தாள். அதன் மேல் திருகுகள், சுருள்வில்கள், குழல், கட்டை. உள்ளே பூசியிருந்த ராணுவக் கிரீஸ் இறுகிப்போய்ப் பழுப்பு மெழுகாக ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டினால் கீறல் விழும். ஆகவே உறுப்புகளைத் தட்டில் பரப்பி, ரொட்டி சுடும் அடுப்பில் மெல்லிய சூட்டில் வைத்து உருக்கினார். வேலை கச்சிதமாக முடிந்தது. மறுநாள் எல்ஸ்பெத் சுட்ட ப்ளம் கேக்கில்தான் ஒரு பட்டாளமே மணத்தது.

கட்டையில் இருந்த நசுங்கல்களை எடுக்க ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். ஆவி உள்ளே இறங்கி, அமுங்கிய மரநார் தானாக எழும்பி வரும். அதையும் செய்தார். இஸ்திரிப் பெட்டி யாருடையது என்று மட்டும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பிய எல்ஸ்பெத்தின் வெள்ளைச் சட்டை முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

"துப்பாக்கியால ஆளச் சுடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். என் துணியச் சுடுறதுக்கு உன்னால மட்டுந்தான் முடியும்."

"புதுசு வாங்கித் தரேன்."

"எத? சட்டையா, இஸ்திரிப் பெட்டியா, புருஷனையா?"

துருதான் அவரை வதைத்தது. வெண்கலத் தூரிகையும் மண்ணெண்ணெயும் வைத்து விரலகலம் விரலகலமாகத் தேய்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சாண் முடிந்தால் பெரிது. பால்ட்ஸின் கைக்கு அந்த வேகம் போதவில்லை. ஒரு நாள் ட்ரில்லில் கம்பிச் சக்கரத்தை மாட்டி, பிளக்கைச் செருகி, விசையில் விரலும் வைத்துவிட்டார். பத்தே நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும். கூடவே பழைய கருநிறமும், ஆலை முத்திரைகளும், எண்களும் போய்விடும். அப்படிச் செய்தவர்களைச் சுடுகழகத்தில் எப்படிக் கேலி செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்து வந்தார். கட்டையின் அடிப்பகுதியில் பனியில் ஊன்றியதாலும் ஆணி அடித்த பூட்ஸ்கள் இடித்ததாலும் விழுந்த காயங்களையும் அவர் தொடவில்லை. அதெல்லாம் அப்பா மலையில் நின்ற அடையாளம்.

ஆறாவது வாரம், துரு விலகியதும் எண்கள் தெரிய ஆரம்பித்தன. இந்தத் துப்பாக்கிகளில் உடம்பில் முழு எண்ணும் மற்ற உறுப்புகளில் அதன் கடைசி மூன்று இலக்கமும் அடித்திருப்பார்கள். ஆலையில் ஒன்றுக்கொன்று தீட்டிப் பொருத்திய பிறகு அடிக்கும் எண். உடம்பில் கடைசி மூன்று 417. தோட்டாப் பெட்டியில் 417. மேல் மரத்தில் 417. பூட்டைத் துடைத்துக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். 092.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கும் எஃகு உருளையை அங்கே பூட்டு என்பார்கள். துப்பாக்கியின் உயிர் அதில்தான். வேறொன்றின் பூட்டைப் போட்டாலும் உள்ளே ஏறும், சுடும். ஆனால் அதற்கென்று தீட்டியது இல்லை. சில துப்பாக்கியில் ஒன்றும் தெரியாது, சிலதில் குறி சிதறும்.

பால்ட்ஸுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். 092 போய் 417 வரவில்லை.

"எல்லாம் அவருது, அது மட்டும் யாருதோ. எப்படி எல்ஸ்பெத்? பூட்டு என்ன, மழைக்கோட்டா, மாறிப்போறதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? உங்க குடும்பத்துல எதுதான் நேரா இருந்துது?"

மிச்சம் இருந்தது கட்டையின் அடித்தகடு. அதன் பின்னால் சிப்பாய்கள் தங்கள் பெயர்ச் சீட்டை மடித்து வைப்பது வழக்கம். யாருடைய துப்பாக்கி, எந்தப் படைப்பிரிவு, பிறந்த வருடம் என்ன என்று ஒரு துண்டுத் தாள். இரண்டு திருகுகளும் துருவேறி அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு ஊற வைத்து, சூட்டுக்கோல் முனையால் சுட்டு, மறுபடி ஊற வைத்து, மூன்று நாள் அவற்றோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள், புதன்கிழமை காலையில், இரண்டாவது திருகும் கிறீச்சென்று இளகியது.

உள்ளே எதிர்பார்த்தபடி ஒரு சீட்டு இருந்தது. யோஸ்ட் ரைனர், மலைக் காலாட்படை, 1929. அதன் முதுகில், பென்சிலால், அப்பாவின் குத்திக் குத்தி எழுதும் கையெழுத்தில் இரண்டு வரி:

"092 மெல்க்கினுடையது. வேண்டுமென்றால் அவனே வந்து வாங்கிக்கொள்ளட்டும்."

மெல்க் அப்பாவின் தம்பி. மூன்று வயது இளையவர். ஆற்றுக்கு அந்தக் கரையில், பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பச்சை ஜன்னல் வீடு அவருடையது. பால்ட்ஸ் தன் அறுபத்தோரு வருடத்தில் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. சித்தப்பா என்று அவரைக் கூப்பிட்டதுமில்லை.

கதை ஊருக்கே தெரியும். 1961இல் மாநிலச் சுடுபோட்டி விழா. ஊர் அணியில் அண்ணனும் தம்பியும்தான் கில்லாடிகள். அன்று அண்ணன் யோஸ்ட் கேவலமாகச் சுட்டார். இரண்டு தோட்டா பலகையிலேயே படவில்லை, பலகைக்கு அடியில் குழியில் இருந்து குறி பார்ப்பவர்கள் 'தவறிவிட்டது' என்று கொடியை ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள். அடுத்த தடத்தில் படுத்திருந்த தம்பி மெல்க் தன் வாழ்நாளிலேயே சிறப்பாகச் சுட்டு, தொப்பியில் இலைக் கிரீடம் சூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். ஊரிலிருந்த 'எருது' என்ற மதுவிடுதியில் எல்லோரும் கோப்பையைத் தூக்கியபோது யோஸ்ட் எழுந்து நின்று, தம்பி தன் துப்பாக்கியில் ஏதோ கை வைத்துவிட்டான், அவன் ஏமாற்றுக்காரன் என்று ஊர் கேட்கச் சொன்னார். மெல்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவ்வளவுதான். ஐம்பத்தேழு வருடம். வருடத்துக்கு ஒரு முறை படைக்காரர்கள் சுட்டுக் காட்ட வேண்டிய கட்டாயச் சுடுதலுக்கு அண்ணன் முதல் ஞாயிறு போனால் தம்பி இரண்டாம் ஞாயிறு. மே மாதம் மக்கள் எல்லோரும் திறந்தவெளியில் கூடிக் கை தூக்கி வாக்களிக்கும் மாநில சபையில் அண்ணன் கை தூக்கிய தீர்மானத்துக்குத் தம்பி தூக்கமாட்டார். வரியைக் குறைக்கும் தீர்மானமாக இருந்தாலும் சரி. இருவருக்கும் இதில் ஒரு பைசா லாபமில்லை என்பதைச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

பால்ட்ஸ் சீட்டை எல்ஸ்பெத்திடம் நீட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள்.

"அப்ப உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பூட்டு மாறியிருக்குன்னு தெரிஞ்சும் அம்பத்தேழு வருஷம் வாயத் தொறக்கல."

"ஏன்? இதத் தூக்கிட்டுப் போய் எருதுல வச்சு, பாருங்கடா நான் சொன்னது சரின்னு காட்டியிருக்கலாமே?"

"மாத்திப் போட்டது அவரே இருந்தா? ரெண்டு பேரும் ஒரே மேசையில துடைச்சவங்கதானே? அப்ப மன்னிப்புல்ல கேக்கணும்! ரைனர் வீட்டு ஆம்பளைக்கு அதுக்கு உசுரக் குடுக்கறது சுலபம்." சொல்லிவிட்டு அவள் முகம் மாறியது. "பால்ட்ஸ், ஒன்னு சொல்றேன், கத்தாதே. நேத்து ரொட்டிக் கடையில மெல்க் மகள் ரேகுலா பேசிக்கிட்டிருந்தா. அவரு திங்கக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போறாராம். அங்க துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுல்ல. சனிக்கிழமை கிளாருஸ் டவுன்ல போலீஸ் பழைய துப்பாக்கியெல்லாம் வாங்கிக்கிறாங்களே, அங்க குடுத்துடப் போறாளாம்."

"குடுத்தா?"

"உருக்கிடுவாங்க."

பால்ட்ஸ் கத்தவில்லை. எழுந்து ஜன்னலருகே போனார், கதவருகே போனார், மறுபடி ஜன்னலுக்கு வந்தார். அப்பாவின் 417 பூட்டு உலகத்தில் ஒரே ஒரு துப்பாக்கிக்குள்தான் இருக்கிறது, அந்தத் துப்பாக்கி சனிக்கிழமை உலைக்குப் போகிறது. அதை மீட்க ஒரே வழி, அப்பா சாகும்வரை தட்டாத அந்தக் கதவைத் தட்டுவது. தட்டினால் அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாகுமா, தட்டாவிட்டால் காட்டிக்கொடுத்ததாகுமா என்று அவருக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒரே அளவு சுட்டன.

அன்று மாலை பாலம் வரை போனார். நடுவில் நின்று பச்சை ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வியாழக்கிழமை காலை பாலத்தைத் தாண்டியே போய்விட்டார். வேலியருகே ஒரு பெண் துணி உலர்த்துவதைப் பார்த்ததும், ஏதோ வேலையாக வந்தவர் போல வழியை மாற்றிச் சுற்றிக்கொண்டு வீடு வந்தார். மத்தியானம் மறுபடி. பாலத்தடியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் தலையைத் தூக்கினார்.

"என்ன பால்ட்ஸ், பஸ்ஸு இல்லாமலே ட்ரிப் அடிக்கறியா?"

நெஞ்சுக் கருவி இருப்பவன் கோபப்படக்கூடாது என்பதால் பால்ட்ஸ் நடையை எட்டிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எல்ஸ்பெத் 092 பூட்டை ரொட்டிக் கடைக் காகிதப் பையில் போட்டு அவர் கையில் திணித்தாள். சீட்டை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "இன்னிக்கும் திரும்பி வந்தீன்னா கதவு திறக்க மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள்.

பச்சை ஜன்னல் வீட்டு வாசலில் கார் டிக்கி திறந்திருந்தது. அட்டைப் பெட்டிகள், சுருட்டிய போர்வைகள். அவற்றின் மேல், தோல் வாரோடு, ஒரு துப்பாக்கி. கட்டை தேன் நிறத்தில் மின்னியது. பால்ட்ஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன வேணும்?" ரேகுலா வாசலில் நின்றாள். பெரியப்பா மகனை அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததால்தான் அந்தக் குரல்.

"உங்கப்பாவப் பார்க்கணும்."

"எதுக்கு? அவரு போற நேரத்துல சண்டை போடவா? அதெல்லாம் உங்கப்பாவோட முடிஞ்சுபோச்சு."

"யாரும்மா அது?" உள்ளேயிருந்து ஒரு கிழட்டுக் குரல். "கொட்டகையில நிக்கற மாடு மாதிரி கால மாத்தி மாத்தி வைக்கறது? யோஸ்ட் வீட்டு ஆளா? வந்தா வரட்டும்."

சமையலறையில் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும்தான் மிச்சமிருந்தன. மெல்க் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, காபிக் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எண்பத்தாறு வயது. அப்பாவின் காது, அப்பாவின் கழுத்து, அப்பாவின் புருவம், எல்லாம் அங்கே உயிரோடு உட்கார்ந்திருந்தன. அவரை இத்தனை வருடம் பக்கத்தில் போய்ப் பார்க்காமலே இருந்திருக்கிறோமே என்று முதல் முறையாக வெட்கப்பட்டார்.

"பையில என்ன? நட்ஸ் ரொட்டியா?" என்றார் மெல்க்.

"இல்ல சித்தப்பா." அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "உங்க பூட்டு."

பையைக் கவிழ்த்தார். பூட்டு மேசைமேல் உருண்டு நின்றது. மெல்க் கோப்பையை வைத்தார். பூட்டை எடுத்து, கண்ணருகே கொண்டுபோகாமல், கட்டைவிரலால் எண்ணைத் தடவிப் பார்த்தார். விரல் எண்ணைத் தாண்டி, எஃகில் விழுந்திருந்த துருக்குழிகள் மேல் ஊர்ந்தது.

"மேலாப்புல பாலிஷ் புதுசு. இது உன் வேல."

"ஆமா."

"அடியில துரு தின்னுருக்கு. அது அவன் வேல. என் பூட்ட மழையில போட்டுட்டானா?"

பொய் சொல்லலாம் என்று பால்ட்ஸுக்குத் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்தது. "பரண்ல இருந்துது. கூரை ஒழுகிச்சு. அப்பா கவனிக்கல" என்றார்.

"ரேகுலா, டிக்கியிலருந்து அதக் கொண்டா."

அவள் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினாள். மெல்க் பிடியைப் பின்னுக்கு இழுத்து, கொக்கியை அழுத்தி, பூட்டை உருவி வெளியே எடுத்தார். 417. ஒரு பொட்டுத் துரு இல்லை; கிரீஸ் மணத்தது.

"வருஷா வருஷம் வசந்தத்துல கழட்டித் துடைச்சுக் கிரீஸ் போடுவேன்" என்றார் மெல்க். "அடுத்தவன் பொருள அழுக்காத் திருப்பித் தரலாமா? எப்ப வந்து கேட்டாலும் குடுக்கற மாதிரி இருக்கணுமே."

"அப்பா, இது என்ன கதை?" ரேகுலா சாவிக்கொத்தைக் கையில் வைத்தபடி அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். "மாறியிருக்குன்னு தெரிஞ்சுதான் வச்சிருந்தீங்களா?"

பால்ட்ஸ் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். கிழவர் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, உதடு அசைய வாசித்தார். வேண்டுமென்றால் அவனே வந்து வாங்கிக்கொள்ளட்டும். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிப்பு.

"பார்த்தியா? எழுத்துல கூட அதிகாரம். நான் இங்க உக்காந்து, அவன் வரட்டும்னு. அவன் அங்க உக்காந்து, இவன் வரட்டும்னு. நடுவுல பாலம் எதுக்குக் கட்டினாங்களோ!"

092 பூட்டைத் தன் துப்பாக்கியின் பின்வாயில் வைத்துத் தள்ளினார். சட்டென்று ஏறி, அடிவரை போய், இறுகிப் பிடித்தது. பால்ட்ஸ் 417ஐக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியது. நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"சித்தப்பா, துப்பாக்கிய நான் வச்சுக்கட்டுமா? ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தாப் போதும். உருக்க வேணாமே."

"உருக்கட்டும். அது என்னுது, என்னோட முடியட்டும். ஆனா அதோட சொந்தப் பூட்டோட போகட்டும். சாகப் போறவன் அண்ணன் கால்சட்டையப் போட்டுக்கிட்டா போவான்?" என்றார் மெல்க். பிறகு, "உக்காரு. வேல முடியல" என்றார்.

பால்ட்ஸ் உட்கார்ந்தார்.

"விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் எங்கம்மா வீட்டுல ரெண்டு துப்பாக்கியையும் ஒரே மேசையில பிரிச்சுப் போட்டோம். அம்மா சாப்பாடு போடணும்னு கத்தினா. அவசர அவசரமா மாட்டினது நான். வேணும்னு இல்ல. அது சத்தியம். ஆனா…" காபியை ஒரு வாய் குடித்தார்; அது ஆறிப்போயிருந்தது. "மறுநாள் தடத்துல படுத்து, முத தோட்டா சுட்டுட்டுப் பூட்டப் பின்னால இழுத்தேன். என் கண்ணுக்கு நேரா, 417. அடுத்த தடத்துல அவன் படுத்திருக்கான். கைய நீட்டினா தொடலாம். அண்ணே, நில்லு, மாறிப்போச்சுன்னு சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேல."

"சொல்லல?"

"முத தோட்டா பத்து. நடு மையத்துல. சொன்னா மாத்தணும். மாத்தினா மறுபடி பத்து வருமா? இன்னொன்னு சுட்டுட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். அதுவும் பத்து. அந்தப் பக்கம் அவனுக்குக் கொடி ஆடுது. என் அண்ணன், என்ன விட நல்லாச் சுடுறவன், மண்ணச் சுட்டுக்கிட்டிருக்கான். நான் பார்த்துக்கிட்டே சுட்டேன். சாயங்காலம் சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் எருதுல எல்லார் முன்னாடியும் ஏமாத்துக்காரன்னுட்டான். அதுக்கப்புறம் எப்படிச் சொல்வேன்? சொன்னா நான் ஏமாத்துக்காரன்தான்னு ஆயிடுமே."

பால்ட்ஸுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. பூட்டு மாறியது தெரிந்த பிறகும், மாற்றிப் போட்டது தானேதானோ என்று அப்பா கடைசிவரை தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருப்பார். ஒரு நாள் கூடப் பெருமையாகத் துப்பாக்கியைப் பற்றிப் பேசாத மனிதர் அவர். அதை நினைத்ததும் இந்தக் கிழவர் மேல் பால்ட்ஸுக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. அப்பாவின் கழுத்து இவருக்கும் இருந்ததால் அந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"உனக்கு அப்படியே அவன் குரல்" என்றார் மெல்க். "வாசல்ல நீ பேசினப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒன்னு செய். எருதுல அவன் சொன்னத நீ சொல்லு."

"வேணாம் சித்தப்பா."

"சொல்லு. அன்னிக்கு அவன் ஒன்னும் தெரியாம, ஊகத்துல சொன்னான். அதனால நான் கோவப்பட்டு எழுந்து போக முடிஞ்சுது. இப்ப எல்லாம் தெரிஞ்சு சொல்லு. நான் எழுந்து போக மாட்டேன்."

பால்ட்ஸ் கைக்குட்டைக்குள் இருந்த பூட்டை இறுக்கிப் பிடித்தார். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கண்கள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, வேறு யாரோ வந்து நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏமாத்துக்காரன்டா நீ, மெல்க்" என்றார். குரல் தாழ்ந்துதான் வந்தது.

கிழவர் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஆமாண்ணே" என்றார்.